சாவிக்கொத்து

தேர் வடம் பிடித்திருக்கிறீர்களா? ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் நான் பல வருஷம் பிடித்திருக்கிறேன். 'பிடித்திருக்கிறேன்' என்றுதான் சொல்கிறேன், 'இழுத்திருக்கிறேன்' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வடத்தில் கை இருக்கும். முகத்தில் சிரமம் தெரியும். 'ரங்கா... ரங்கா...' என்று தொண்டை கிழியும். தோளில் மட்டும் ஒரு வேலையும் நடக்காது. முன்னால் சில நூறு பேர், பின்னால் சில நூறு பேர். நான் ஒருத்தன் இழுக்காவிட்டால் நம்பெருமாள் சித்திரை வீதி முனையிலேயே நின்றுவிடவா போகிறார்?

இது என் சொந்த அயோக்கியத்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்தது, இதற்கு ஒரு பிரெஞ்சுக்காரர் கணக்கே போட்டு வைத்திருக்கிறார் என்று. மாக்ஸ் ரிங்கல்மான். விவசாயப் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட, தலைக்கு இத்தனை என்ற பலம் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் வந்தது ஏறக்குறைய பாதிதான். சேர்ந்து ஒரே நேரத்தில் இழுக்கத் தெரியாததால் வந்த நஷ்டம் அது என்று நீங்கள் வாதாடலாம். 1974-ல் அமெரிக்காவில் இன்காம் என்பவரும் கூட்டாளிகளும் ஒருத்தர் கண்ணைக் கட்டிக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். பின்னால் நின்றவர்கள் முக்கினார்கள், முனகினார்கள், இழுக்க மட்டும் இல்லை. கண் கட்டியிருந்தவரின் இழுவை குறைந்துவிட்டது! ஆக, அந்த நஷ்டத்துக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு.

ஆனால் அதே தேரில் ஏமாற்ற முடியாத சிலர் உண்டு. சக்கரத்துக்குப் பக்கத்தில், முட்டுக்கட்டையோடு நடப்பவர்கள். தேர் திரும்பும்போதும் நிற்கும்போதும் கட்டையை எங்கே, எந்தச் சாய்வில், எந்த நொடியில் போட வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அதில் ஒருத்தர் 'மற்றவன் போடுவான்' என்று சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வடத்தில் நான் யாரோ ஒருத்தன். முட்டுக்கட்டைக்காரர் யாரோ ஒருத்தர் இல்லை. தேர் நின்றால் 'யாருய்யா கட்டை போட்டது?' என்று ஊரே கேட்கும்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் நான் சமீபத்தில் மறுபடி படித்த ஒரு புத்தகம். 'கோயிலொழுகு'.

ஸ்ரீரங்கம் கோயிலின் நடைமுறைக் குறிப்பேடு என்று சொல்லலாம். ஒரே ஆள் ஒரே காலத்தில் எழுதியது இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஹரி ராவ் இதை 1961-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பக்தர்கள் பக்திக்காகப் படிப்பார்கள், வரலாற்றுக்காரர்கள் கல்வெட்டோடு ஒப்பிட்டுத் தலையைச் சொறிவார்கள். நான் பி.காம். எனக்கு இது ஆபீஸ் ஆர்டர் புத்தகமாகத்தான் தெரிகிறது. யாருக்கு என்ன வேலை, என்ன மரியாதை, எவ்வளவு பிரசாதம், யார் யாருக்கு முன்னால் நிற்கலாம்... அப்பப்பா! மூலவரைப் பற்றிய வர்ணனையைவிட வேலைப் பங்கீடுதான் மனதில் நிற்கிறது.

அதில் முக்கியமான அத்தியாயம் உடையவர் என்கிற ராமானுஜர் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. அதற்கு முன்னால் ஊழியர்கள் ஐந்து பிரிவு: கோவணவர், கொடவர், கொடுவாளெடுப்பார், பாடுவார், தழையிடுவார். அதை அவர் பத்துக் கொத்தாக மாற்றினார் என்கிறது ஒழுகு. 'கொத்து' என்றால் அணி, குழு. திருமஞ்சனத் தண்ணீர் கொண்டுவர திருக்கரகக் கையார். பூவுக்குத் தாசநம்பிகள். காவலுக்கு ஆரியபட்டாள். பெருமாள் சேவிக்கப் போகும்போது ஆரியபட்டாள் வாசலைத் தாண்டித்தானே போகிறீர்கள்? அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஐந்தைப் பத்தாக்கியதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குழுக்கள் சின்னதாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், தட்டினால் தெரிகிற ஒரு வேலை. இன்று தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை. வடம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை முட்டுக்கட்டைக்காரர்களாக மாற்றிவிட்டார் மனுஷர்.

சும்மா நடந்துவிடுமா? கோயில் சாவி பெரிய கோயில் நம்பியிடம் இருந்தது. பின்னாளில் திருவரங்கத்தமுதனார் என்று நாம் அறிகிற அதே ஆள். பரம்பரையாகக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். புதிதாக வந்தவர் கேட்டால் சாவியைத் தூக்கிக் கொடுப்பாரா? அவரை அப்புறப்படுத்திவிடலாம் என்று முதலில் ராமானுஜருக்கே தோன்றியதாகவும், 'ரொம்ப காலம் நம்மை நம்பி இருந்தவன்' என்று பெருமாளே கனவில் தடுத்ததாகவும் ஒழுகு சொல்கிறது. கனவோ என்னவோ, யோசனை நல்ல யோசனை.

பிறகு வேலை கூரத்தாழ்வானிடம் போகிறது. அவர் நம்பியிடம் பழகுகிறார், பேசுகிறார், மெல்ல மனதைக் கரைக்கிறார். நம்பியின் தாயார் காலமாகிறார். காரியத்தில் ஆழ்வான் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். 'திருப்தியா?' என்று வழக்கப்படி கேட்க வேண்டும், 'திருப்தி' என்று பதில் வர வேண்டும். அப்போதுதான் காரியம் பூர்த்தி. ஆழ்வான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கோயில் சாவி கைக்கு வந்தால்தான் திருப்தி என்றார். வந்தது.

எனக்கு இந்த இடம் எத்தனை தடவை படித்தாலும் உறுத்துகிறது. அம்மாவை இழந்து நிற்கிறவனிடம் இலையில் உட்கார்ந்துகொண்டு சாவி கேட்பது என்ன பண்பு? ஒழுகு எழுதியவர்களுக்கு இதில் கூச்சமே இல்லை. ஜெயித்தவர்கள் எழுதின புத்தகம், அப்படித்தான் இருக்கும். அந்த ராத்திரி நம்பி தூங்கினாரா என்று அது கேட்கவில்லை.

ஆனால் அதற்கடுத்து நடந்ததுதான் எந்த மேனேஜ்மென்ட் குருவும் எனக்குச் சொல்லித் தராத விஷயம். சாவி போன மனிதர் வெறுங்கையோடு நிற்கிறார். ராமானுஜர் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. அரையர்களிடம் இருந்த இயற்பா சேவிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கி அவருக்குக் கொடுக்கிறார். அதாவது, பதவியைப் பிடுங்கிக்கொண்டு சால்வை போர்த்தி அனுப்பிவிடவில்லை. அதே கூட்டத்துக்குள், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு வேலை. நம்பி பிறகு ராமானுஜர் மீதே நூற்றந்தாதி பாடினார். தோற்றவர் பாடின பாட்டு இன்றுவரை கோயில்களில் ஒலிக்கிறது.

இது எப்போதும் பலித்ததும் இல்லை. பூரியிலும் திருவனந்தபுரத்திலும் இதே ராமானுஜர் பூஜை முறையை மாற்றப் போனார், முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெருமாளே அவரைத் தூக்கி ஒரு தடவை ஸ்ரீகூர்மத்திலும் இன்னொரு தடவை திருக்குறுங்குடியிலும் விட்டுவிட்டார் என்று கதை. அந்த ஊர்களில் அவருக்கு ஒரு கூரத்தாழ்வான் கிடைக்கவில்லை என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் காவிரியைத் தாண்டி வாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், பொன்மலை. அங்கேயும் ஒரு சீர்திருத்தம் நடந்தது.

சௌத் இண்டியன் ரயில்வே 1920-களில் நாகப்பட்டினம், போத்தனூர் ஒர்க் ஷாப்களின் வேலையை எல்லாம் பொன்மலையில் ஒரே இடத்தில் குவிக்கத் தீர்மானித்தது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம். மூன்று இடத்தில் செய்கிற வேலையை ஒரே இடத்தில் செய்தால் செலவு குறையும். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கைதட்டியிருப்பார். கூடவே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பது, யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்கத் தொழில் தேர்வு வைப்பது என்றார்கள். இருபது வருஷமாக ரிவெட் அடித்தவனைக் கூப்பிட்டு, உனக்கு ரிவெட் அடிக்கத் தெரியுமா, காட்டு பார்க்கலாம் என்கிற தேர்வு! அவமானம் என்ற ஒரு செலவு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. ரயில்கள் நின்றன. சில நாளில் அடக்கப்பட்டது. 68 வயது சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். பொன்மலையில் ஷாப் எழும்பியது, இன்றும் ஓடுகிறது. நாகப்பட்டினம்? 1861-ல் இந்தப் பக்கத்துக்கு ரயில் புறப்பட்ட ஊர் அது. அதன் ஒர்க் ஷாப் போன பிறகு அந்த ஊரில் மிச்சம் என்ன இருந்தது என்று அங்கே வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனிக்காரர்கள் தொழிலாளியைத் தனித்தனித் தலையாக எண்ணினார்கள். கிட்டத்தட்ட அதே சமயம், 1931-32-ல், சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 14 பேரை ஒரு அறையில் உட்காரவைத்துக் கவனித்தார்கள். டெலிபோன் இணைப்புக்கு ஒயர் கட்டுகிறவர்கள். அதிகமாகச் செய்தால் அதிகக் கூலி. ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு அளவு. அதைத் தாண்டி வேகமாக வேலை பார்த்தவனுக்கு மேல்கையில் ஒரு குத்து! மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தவனை யாரும் மதிக்கவில்லை. கூலியைவிடக் கூட்டாளிகளின் முகம் பெரிசு. நம்ம ஊர் ஆபீஸில் ஐந்தரை மணிக்கு மேல் உட்கார்ந்திருக்கிற புதுப் பையனை சீனியர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு சிகாகோ வரைக்கும் போக வேண்டியதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

பத்திரிகைக்கு வருமுன் கன்டோன்மென்ட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தேன். 2005. எங்கள் ஹெட் கிளார்க் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். பீரோ சாவி அவர் வேட்டி மடிப்பில்தான். வவுச்சர் வேண்டுமா, அவர் எழுந்து வந்து திறக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தது. பழைய லெட்ஜரையெல்லாம் ஏற்ற கான்ட்ராக்டில் பையன்கள் வந்தார்கள். சாருக்கு அது பிடிக்கவில்லை. முரண்டு பிடித்தார், உண்மைதான். நியாயமாகவே அவர்மேல் மேலே இருந்தவர்களுக்குக் கோபம் இருந்தது.

அந்த மாதம் பேங்க் ரீகன்சிலியேஷனில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் உதைத்தது. மீட்டிங் போட்டார்கள். 'இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி...' என்று மேனேஜர் நிதானமாக ஆரம்பித்தார். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. 'கவனக்குறைவு' என்றார்கள், 'வயசு' என்றார்கள். கடைசியில் எங்களைப் பார்த்து, 'யாராவது ஏதாவது சொல்லணுமா?' என்று கேட்டார்.

நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு ரசீதுகளை டேட்டா ஏற்றினவர்கள் இரண்டு தடவை போட்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே பார்த்து பென்சிலில் டிக் அடித்து வைத்திருந்தேன். சார் கணக்கு சுத்தம். நான் ஃபேனைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் டீ கிளாஸைப் பார்த்தார். சார் மட்டும் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அடுத்த வாரம் வி.ஆர்.எஸ். மாதிரி ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு இயற்பா எதுவும் தரப்படவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில்தான் தெரிந்தது. 'அந்த ரெண்டு என்ட்ரி டபுளா விழுந்திருந்துச்சுப்பா' என்று ஒருத்தர் முணுமுணுத்தார். இன்னொருத்தர், 'எனக்கும் தெரியும்.' மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். என்னையும் சேர்த்து நாலு பேர்! மீட்டிங்கில் ஒவ்வொருத்தரும் மற்ற மூன்று பேரின் மௌனத்தைப் பார்த்து, சரி, நமக்குத்தான் ஏதோ புரியவில்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல்காரர் 1951-ல் வெளியிட்ட சோதனை இதுதான். மூன்று கோடு. எது நீளத்தில் முதல் கோட்டுக்குச் சமம்? சின்னக் குழந்தை சொல்லும். ஆனால் கூட இருக்கிறவர்கள் எல்லோரும், ஏற்கெனவே சொல்லிவைத்தபடி, ஒரே குரலில் தப்பைச் சொன்னார்கள். மாட்டிக்கொண்ட நபர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்புக்குத் தலையாட்டினார்கள். இதைப் பலரும் சொல்வார்கள். பாதிப் பேர் சொல்லாமல் விடுகிற மீதி இது: அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், தலையாட்டல் மளமளவென்று விழுந்துவிட்டது. டீக்கடையில் பேசின நாலு பேரில் ஒருத்தர் மீட்டிங்கில் இருமியிருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும்.

மறுபடி ஸ்ரீரங்கம். ராமானுஜரின் மாற்றங்கள் பிடிக்காத சிலர் அவர் பிட்சை எடுக்கும்போது விஷம் கலந்த சோற்றைப் போட ஏற்பாடு செய்தார்கள் என்று குருபரம்பரைக் கதை. சோற்றைக் கொண்டுவந்து போட வேண்டியவள் அந்த வீட்டுப் பெண். புருஷன் பேச்சைத் தட்டவும் முடியாது, போடவும் மனசில்லை. போட்டுவிட்டு அவர் காலில் விழுந்து கண்ணீர் விட்டாள். பிட்சை போடுகிறவள் காலில் விழும் வழக்கம் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல், நாங்கள் நாலு பட்டதாரிகள் செய்யாததை அவள் செய்தாள். நான் கேட்ட எந்தக் கதையிலும் அவளுக்குப் பெயர் இல்லை. சாவி வைத்திருந்தவர், சாவி வாங்கினவர், தண்ணீர் தூக்கினவர், பூக்கட்டினவர் என்று எல்லோருக்கும் இடம் ஒதுக்கின மரபு இவளை எந்தக் கொத்திலும் சேர்க்கவில்லை.

அதற்குப் பின் ராமானுஜர் சாப்பாட்டை விட்டுவிட்டார். செய்தி கேட்டு அவருடைய ஆசாரியர் திருக்கோட்டியூர் நம்பி புறப்பட்டு வருகிறார். காவிரி மணல், உச்சி வெயில். ராமானுஜர் ஓடிப்போய் விழுந்து சேவிக்கிறார். 'எழுந்திரு' என்று நம்பி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நிற்கிறார். உடம்பு மணலில் வேகிறது. சுற்றிலும் சீடர்கள் கூட்டம். குருவுக்கு குரு சும்மா நிற்கும்போது நாம் என்ன சொல்வது?

கிடாம்பி ஆச்சான் மட்டும் பொறுக்கவில்லை. இது என்ன நியாயம், இந்த மாதிரி வேகவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்களா என்று நம்பியையே கேட்டுவிட்டு ராமானுஜரைத் தூக்கினார். நம்பிக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒருத்தனைத்தான் தேடினேன், இனி இவருக்குச் சமைத்துப் போடுவது உன் பொறுப்பு என்றார்.

வேலைக்கு ஆள் எடுக்கிற இன்டர்வியூ எத்தனையோ பார்த்துவிட்டேன், இதற்கு இணை கிடையாது. விஷம் வைக்காதவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்தி அதிகமானவனை அவர் தேடவில்லை. பெரியவர் தப்பு செய்யும்போது கேட்கிறவனைத் தேடினார். பொன்மலையில் வைத்த தொழில் தேர்வு சுத்தியலைப் பிடிக்கத் தெரியுமா என்றுதான் பார்த்தது.

இத்தனை சொன்னதும், ஆகா, அந்தக் காலத்து ஏற்பாடு என்ன அருமை என்று நீங்கள் கிளம்பிவிடக் கூடாது. பெயர் போட்டுக் கொடுத்த வேலை, பேரனுக்குப் போகும்போது சொத்தாகிவிடுகிறது. 'என் பொறுப்பு' என்பது 'என் உரிமை' ஆகிறது, கொஞ்ச நாளில் 'உனக்கு இடமில்லை' என்றும் ஆகிவிடும். காஞ்சிபுரத்தில் வடகலையும் தென்கலையும் யார் முதலில் பாடுவது என்று தலைமுறைக் கணக்கில் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள். அர்ச்சகர் வேலை வாரிசுக்குத்தான் என்பதைத் தமிழ்நாடு 1970-ல் சட்டத் திருத்தம் செய்து நீக்கி, 1972-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை ஏற்ற பிறகும், பயிற்சி முடித்த பிற சாதி அர்ச்சகர்கள் பலர் கையில் நியமன ஆணை வாங்க 2021 ஆகஸ்ட் ஆனது. கொத்து பிரித்தவர் இதை எதிர்பார்த்தாரா தெரியாது. ஆனால் கொத்துகள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் முதலில் கற்றுக்கொள்கின்றன.

எங்கள் ஆபீஸில் சார் வேட்டி மடிப்பில் செருகிவைத்திருந்த சாவியும் அப்படித்தான். அவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதைக் கேட்ட விதம் வேறாக இருந்திருக்கலாம். எல்லா வவுச்சரும் எங்கே இருக்கிறது என்று தலைக்குள் வைத்திருந்த மனிதரை, கம்ப்யூட்டரில் ஏற்றின கணக்கைச் சரிபார்க்க உட்காரவைத்திருந்தால், அந்த இரட்டை என்ட்ரியை அரை மணி நேரத்தில் அவரே பிடித்திருப்பார்.

அவர் இப்போதும் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. அம்மா மண்டபத்தில் நடைப்பயிற்சி. பார்த்தால், 'வாப்பா, காபி சாப்பிடலாம்' என்பார். பழைய ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் பேசியதில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போன் செய்து எழுத்துப் பிழை சொல்கிறவர் அவர்தான். இந்த வாரமும் படிப்பார்.